பூச்சித்தோல் கஷாயம்

பொட்டலத்தைப் பிரித்துச் செய்தித்தாளில் கொட்டியதும் மனைவி இரண்டடி பின்னால் போய்விட்டாள். வேர், பட்டை, காய்ந்த தழை எல்லாம் சரி. அவற்றுக்கு நடுவே ஆறேழு பூச்சிகள் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. தேன் நிறத்தில் வெறும் கூடு, முதுகில் நேர்கோடாக ஒரு வெடிப்பு, கண் இருந்த இடத்தில் மணிமணியாக இரண்டு புடைப்பு. சில்வண்டு வளரும்போது கழற்றிப் போட்ட சட்டை. சீனத்தில் ‘சான் துய்’ என்கிறார்கள்.

“இதையா குடிக்கப்போறீங்க?”

“தோல்தானே, பூச்சி இல்லையே.”

“பாம்புச் சட்டையும் தோல்தான்.”

பாம்புச் சட்டையும் சீன மருந்துப் பட்டியலில் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

குவாங்டோங் மாகாணத்தில் ஃபோஷான் நகரம். அதில் லெச்சோங் மரச்சாமான் சந்தை என்று கிலோமீட்டர் கணக்கில் நீளும் கடைத்தெரு. அங்கிருந்து சென்னைக்கும் கோவைக்கும் சோபாவும் நாற்காலியும் பார்த்து வாங்கி அனுப்புவதுதான் என் பிழைப்பு. 2013இல் வந்தேன். மூன்றாவது வருடம் மார்ச்சில் காணாக்கடி பிடித்துக்கொண்டது. அந்த மாதங்களில் இந்த ஊரில் காற்று அப்படி ஈரமாக இருக்கும். சுவர் வியர்க்கும், தரையில் தண்ணீர் கோத்து நிற்கும், துணி ஒரு வாரமானாலும் காயாது. சாயங்காலமானால் தொடையிலும் முதுகிலும் தடித்துத் தடித்து வரும். செட்ரிசின் போட்டால் அடங்கும், விட்டால் திரும்பி வரும். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. எங்கள் வீட்டுக்கார அம்மாதான், “மாத்திரை இருக்கட்டும், ஒரு தடவை சீன வைத்தியரையும் பார்” என்று அனுப்பிவைத்தார்.

நான் நினைத்தது ஒரு குடிசை, ஒரு தாடிக் கிழவர். போனது அரசாங்கத்தின் சீன மருத்துவ மருத்துவமனை. எட்டு மாடி, டோக்கன், கம்ப்யூட்டர், கீழே ரத்தப் பரிசோதனைக்கூடம். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா நாக்கை நீட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். எங்கள் ஊர் வைத்தியரும் அதே மூன்று விரல்தான் வைப்பார். அவருக்கு அது வாதம், பித்தம், கபம். இவருக்கு வேறு கணக்கு. இடது கையின் மூன்று இடத்துக்கு மூன்று உறுப்பு, வலது கைக்கு வேறு மூன்று. தாகம் எடுத்தால் வெந்நீர் பிடிக்குமா பச்சைத்தண்ணீரா, மலம் எப்படிப் போகிறது, தூக்கத்தில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று என் மனைவிக்கே தெரியாத விஷயமெல்லாம் கேட்டார். கடைசியில், “காற்று, ஈரம், சூடு, மூன்றும் தோலில் நிற்கிறது” என்றார். என் பாட்டி பக்கத்தில் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பாள்.

பதின்மூன்று சரக்கு, ஏழு நாளைக்கு. அச்சடித்த தாளில் ஒவ்வொன்றுக்கும் நேராக கிராம் கணக்கு. அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டேனே, அதற்குப் பின்னால் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

சைவக்காரர்கள் ஒன்றை மட்டும் நாடி பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். மூலிகை என்று நாம் சொல்கிறோமே தவிர, சீன வைத்தியத்தில் மண்புழு உண்டு, பூரான் உண்டு, மான்கொம்பு உண்டு, கழுதைத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை உண்டு. கேட்டால் பெரும்பாலும் வேறு சரக்கு மாற்றித் தருவார்கள். நான் கேட்கவில்லை. சில்வண்டுச் சட்டை அரிப்புக்கும் குரல் கம்மலுக்கும் ரொம்ப காலமாகக் கொடுத்துவரும் சரக்கு என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மருத்துவமனையிலேயே எந்திரத்தில் காய்ச்சி, பால் பாக்கெட் மாதிரி அடைத்துக் கொடுப்பார்கள். வெந்நீரில் கரைக்கும் குருணையாகவும் கிடைக்கிறது. ஆனால் கஷாயம் வைக்க எனக்குத் தெரியாதா என்று ஒரு வீம்பு. வீட்டுக்கு வந்து அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பை மூட்டினேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மா மோப்பம் பிடித்து நேரே சமையலறைக்குள் வந்து அடுப்பை அணைத்தார். கீழே போய்த் தன் வீட்டு மண்பானையை எடுத்து வந்தார். பக்கவாட்டில் கைப்பிடி, குட்டி மூக்கு, உள்ளே பல வருடக் கஷாயத்தின் கறுப்பு. இரும்பு, அலுமினியம், செம்பு எதுவும் ஆகாது, மண் அல்லது பீங்கான் அல்லது கண்ணாடிதான் என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்த முறையில்தான் இன்றைக்கும் வைக்கிறேன். சரக்கைக் கழுவக் கூடாது, வேண்டுமானால் சட்டென்று ஒரு அலசு. பச்சைத்தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவேண்டும். நேரே கொதிநீரில் போட்டால் மேல்புறம் இறுகி உள்ளிருப்பது இறங்காதாம். தண்ணீர் சரக்குக்கு மேலே இரண்டு விரல்கடை. கொதி வரும்வரை பெரிய தீ, பிறகு சிறு தீயில் இருபது, முப்பது நிமிடம். வடித்துவிட்டு, அதே சரக்கில் குறைவாகத் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை காய்ச்சி, இரண்டையும் கலந்து காலைக்குப் பாதி, ராத்திரிக்குப் பாதி. என் பொட்டலத்தில் தனிப் பையில் ஒரு வெள்ளைக் கல் தூளாக இருந்தது. ஜிப்சம். சாக்பீஸ் செய்கிறார்களே, அந்த ஜாதி. அதை மட்டும் முன்னாலேயே போட்டுக் கொதிக்கவிட வேண்டும். புதினா மாதிரி வாசனைச் சரக்கு இருந்தால் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்புதான். முன்னால் எது, பின்னால் எது என்று தாளிலேயே எழுதியிருக்கும். சீனம் படிக்கத் தெரியாவிட்டால் மருந்து கொடுப்பவரிடம் கேட்டு அந்தப் பையின்மேல் தமிழில் குறித்துக்கொள்வது நல்லது.

தீயின் அளவு சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். ஃபோஷானிலிருந்து காரில் போகிற தூரத்தில் லுவோஃபு மலை இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற தாவோ துறவி கடைசிக் காலத்தில் தங்கிய இடம். காய்ச்சலுக்கு ‘சிங்ஹாவ்’ என்ற மாசிபத்திரி இனச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடி என்று அவர் எழுதிவைத்தார். காய்ச்சு என்று சொல்லவில்லை. தூ யூயூ என்ற ஆய்வாளர் 1971இல் அந்த வரியைத் திரும்பப் படித்துத்தான் சூட்டைக் குறைத்து ஈதர் என்ற கரைப்பானில் சத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் மலேரியாவுக்கான ஆர்டிமிசினின்; 2015இல் நோபல் பரிசு. அந்த மலையில் கே ஹோங் மருந்து அலசினதாகச் சொல்லும் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தபிறகு நான் அடுப்புக்குப் பக்கத்தில் கடிகாரம் வைத்துக்கொள்கிறேன். சுத்தமான ஆர்டிமிசினின் வேறு, வீட்டுக் கஷாயம் வேறு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மலேரியாவுக்கு யாரும் இலையைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ருசியா? வேப்பம்பட்டையை ஈரச் சாக்கில் கட்டி ஊறவைத்தது போல. குடித்ததும் வாயில் போட்டுக்கொள்ள, சிவப்பாக நாணயம் போல இருக்கும் ஒரு புளிப்பு வில்லையை வீட்டுக்கார அம்மா கொடுத்தார். மருந்தைவிட எனக்கு அந்த வில்லைதான் பழக்கமாகிப்போனது.

பத்தியமும் உண்டு. இறால், நண்டு, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, மாம்பழம், சாராயம் எதுவும் மூன்று வாரம் கூடாது. இரண்டாவது வாரம் தடிப்பு குறைந்தது, நாலாவது வாரம் நின்றது. இதைச் சொன்னால் நண்பர்கள் “பார்த்தியா, சீன மருந்து!” என்கிறார்கள். இங்கே வந்ததிலிருந்து வாரம் நாலு நாள் இறால் தின்றவன் அப்போதுதான் நிறுத்தினேன். அந்தச் சமயத்தில்தான் சுவர் வியர்ப்பதும் நின்றது. மருந்தையும் சாப்பாட்டையும் பருவத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போடுவது நியாயமில்லை.

இந்த வெற்றியில் ஒரு கூத்து நடந்தது. கோவைக்கார நண்பர் ஒருவருக்கும் அரிப்பு. என் தாளைப் படம் எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனைக் கடையில் அதே சரக்கை வாங்கிக் காய்ச்சிக் குடித்தார். நாலு நாள் பேதி. குளிர்ச்சியான சரக்கு அதிகம் சேர்ந்த மருந்து. அவருக்கு ஏற்கெனவே வயிறு இளக்கமாம். என்னிடம் எத்தனை கேள்வி கேட்டுவிட்டு அந்த அம்மா எழுதினார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பேதிக்குப் பிறகுதான் தாளில் இருந்த ஒவ்வொரு பெயரையும் உட்கார்ந்து தேடினேன். அதில் ஒன்று ‘மு தோங்’. இந்தப் பெயரில் ஒரு காலத்தில் விற்றதில் ஒரு வகை, குவான் மு தோங், அரிஸ்டோலோக்கியா இனத்துக் கொடி. அந்த இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்லச் சுருக்கிவிடும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கொண்டுவரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸில், உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்குமேல் சிறுநீரகம் கெட்டுப்போனது இதனால்தான். ‘ஃபாங் சி’ என்ற சரக்குக்குப் பதிலாக, பெயரில் ஒட்டியிருந்த ‘குவாங் ஃபாங் சி’ போய்ச் சேர்ந்துவிட்டது. சீன அரசாங்கம் 2003இல் குவான் மு தோங்கை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்தது, அடுத்த வருடம் குவாங் ஃபாங் சியையும். என் தாளில் இருந்தது வேறு செடியிலிருந்து வருகிற, அனுமதி உள்ள வகை; திரும்பப் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. “கேட்கிறவன் நல்ல நோயாளி” என்றார்.

இதைப் படிக்கிற நம்மவர்கள் சீனாக்காரனைப் பார்த்துச் சிரிக்க அவசரப்பட வேண்டாம். நம் ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக்கொடியும் அதே அரிஸ்டோலோக்கியாதான்.

இங்கே சின்னச் சின்ன உபாதைக்கு யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. தெருவுக்கு ஒரு லியாங் ச்சா கடை. பொருள் ‘குளிர்ச்சித் தேநீர்’, ஆனால் சூடாகத்தான் குடிக்கிறார்கள், அதில் தேயிலையும் இருக்காது. பித்தளை அண்டா, வரிசையாக மூடிபோட்ட கிண்ணங்கள். இந்த வியாபாரத்தில் வாங் லாவ் ஜி என்ற பெயர் 1828இலிருந்து இருக்கிறது. வாய்ப்புண்ணா, தொண்டைக் கட்டா, முகப்பருவா, எல்லாவற்றுக்கும் கடைக்காரம்மா சொல்லும் காரணம் ஒன்றே: ‘ஷாங் ஹுவோ’, நெருப்பு ஏறிவிட்டது. நம்மூர்ச் ‘சூடு’தான். பொரித்தது தின்றால் ஏறும், ராத்திரி கண்விழித்தால் ஏறும், லிச்சிப்பழம் தின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு லிச்சி மூன்று தீப்பந்தம் என்றே ஒரு சொலவடை. சூடு, குளிர்ச்சி என்று ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்க நான் அரைமணி நேரம் திணறியிருக்கிறேன். இங்கே வந்த முதல் நாளே “சூடு” என்றேன், புரிந்துகொண்டு கிண்ணத்தை நீட்டினார்கள்.

ஐந்து பூத் தேநீர் எனக்குப் பிடித்தது. சாமந்தி, பொன்வெள்ளிப்பூ என்கிற ஹனிசக்கிள், நம்மூர் ஈழத்தலரி, இலவம்பூ எல்லாம் போட்டது. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். மார்ச்சில் குவாங்சோவில் இலவமரம் சிவப்பாகப் பூத்துப் பொத்துப் பொத்தென்று விழும்போது, பாட்டிமார் பையோடு வந்து பொறுக்கிப் போய் நடைபாதையில் காயவைப்பதைப் பார்க்கவேண்டும். இருபத்துநான்கு சரக்குத் தேநீர் என்று இன்னொன்று உண்டு. அது தண்டனை.

கசப்பென்றதும் நினைவுக்கு வருகிறது. தொண்டை வலிக்கு இங்கே மருந்துக்கடையில் ‘ச்சுவான் சின் லியன்’ மாத்திரை கொடுத்தார்கள். பொருள் ‘நெஞ்சைத் துளைக்கும் தாமரை’. பெயர் அழகாக இருக்கிறதே என்று நாக்கில் வைத்தேன். நிலவேம்பு! டெங்கு சமயத்தில் நம் ஊரில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த அதே நிலவேம்பு. 2003 தொடக்கத்தில் சார்ஸ் கிளம்பியபோது குவாங்டோங்கில் ‘பான் லான் கென்’ வேரும் வினிகரும் கடைகளில் தீர்ந்துபோன கதையை வீட்டுக்கார அம்மா சொல்வார். 2020இல் கபசுரக் குடிநீருக்கு அலைந்த நமக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, என் சொந்தத் தப்புக்கு வருகிறேன். அப்பா இரண்டு மாதம் எங்களோடு தங்க வந்தார். வயது எழுபத்தொன்று, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, அதோடு நீர் பிரிய ஒரு மாத்திரை. இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளாமல் வறட்டு இருமல். மருந்துக்கடையில் குச்சி குச்சியாக வில்லைபோட்டு வைத்திருந்த ‘கான் ட்சாவ்’ ஒன்றை எடுத்து வாயில் போட்டவர் முகம் மலர்ந்துவிட்டது. “டேய், அதிமதுரம்டா! நம்ம வீட்டு மருந்து.” அரைக்கிலோ வாங்கினோம். தினமும் ஒரு கைப்பிடி போட்டுக் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றிவைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குடித்தார். இருமல் நின்றது. ருசிக்காக மேலும் குடித்தார். நானும் அவருக்குத் துணைக்கு ஒரு டம்ளர்.

மூன்றாவது வாரம் செருப்பு இறுகுகிறது என்றார். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. வீட்டு மெஷினில் அழுத்தம் 178. மாத்திரையை மறந்துவிட்டார் என்று அவரைத் திட்டினேன். பெட்டியை எண்ணிப்பார்த்தால் ஒரு நாள்கூட விட்டிருக்கவில்லை. மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், பொட்டாசியம் குறைந்திருந்தது. “என்ன தேநீர் குடிக்கிறார்?” என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியத்தைக் குறைக்கிற நீர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். சீன மருந்து நூல் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 2 முதல் 10 கிராம், அதுவும் மற்றச் சரக்கோடு, சில நாளைக்கு. அப்பாவின் கைப்பிடியைத் தராசில் வைத்தேன்: 23.

நிறுத்தியபிறகும் அழுத்தம் பழைய நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேலானது. “நம்ம ஊர் மருந்து, எப்படிடா இப்படிப் பண்ணும்?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நம் ஊரில் அவர் வாழ்நாளில் அரைக்கிலோ அதிமதுரத்தை ஒரே மூச்சில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மருந்து என்றால் பத்தில் மூன்று பங்கு விஷம் என்று சீனர்களிடம் ஒரு பேச்சு உண்டு. அதை எனக்குச் சொன்னது அந்தப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்த பெண்.

அதற்கடுத்த சளிக்காலத்தில் நான் மாட்டினேன். மருந்துக்கடையில் சளிக்குக் குருணைப் பாக்கெட் கொடுத்தார்கள். மேலே இலை படம், சாமந்தி படம், வெந்நீரில் கரைத்தால் இனிப்பான கஷாயம். கூடவே ஊரிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமால், காணாக்கடிக்கு மீந்திருந்த செட்ரிசின். மதியம் சோபாக் கடையில் விலை பேசிக்கொண்டே சோபாவில் தூங்கிவிட்டேன். கடைக்காரர் போர்வை போர்த்தியிருந்தார். வீட்டுக்கு வந்து பாக்கெட்டின் பின்புறத்தை எழுத்துக் கூட்டிப் படித்தால், மூலிகைகளுக்கு நடுவே ‘துய் யிசியன் ஆன்ஜிஃபென்’ 200 மில்லிகிராம். சீனத்தில் பாராசிட்டமாலின் பெயர் அதுதான். பக்கத்திலேயே தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தும் இருந்தது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டிருக்கிறேன். சீனாவில் அனுமதி எண்ணின் முன்னால் ‘இஸட்’ எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து, ‘ஹெச்’ இருந்தால் ரசாயன மருந்து. இதில் இருந்தது இஸட்! எனவே எழுத்தை நம்பாமல் பட்டியலைப் படியுங்கள். பாராசிட்டமாலின் சீன எழுத்துகளைப் போனில் படமாக வைத்திருக்கிறேன், கடையில் நின்றே ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ‘தாங் குய்’, ‘தான் ஷென்’ என்ற வேர்கள் இரண்டையும் சூப்பில்கூடத் தொடவேண்டாம்; ரத்தக்கசிவு வரலாம். இங்கே கோழி சூப்பில் தாங் குய் சாதாரணமாகக் கிடக்கும். கர்ப்பிணிகளும் கேட்காமல் குடிக்கக்கூடாது. கைக்குழந்தைக்கு எந்தக் கஷாயமும் வேண்டாம் என்பது இந்த ஊர்க்காரர்களே சொல்வது. குவாங்டோங்கில் ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு பரவலாக உண்டு. ஃபாவா பீன்ஸ் தின்றால் ரத்த அணுக்கள் உடையும் என்பதால் பேச்சுவழக்கில் அதன் பேரே ‘ஃபாவா பீன்ஸ் நோய்’. பிறந்ததும் அதற்குப் பரிசோதனை செய்கிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடும் என்ற பயத்தில் சிங்கப்பூரில் ‘ஹுவாங் லியன்’ வேரை 1978இலிருந்து பல வருடம் தடையே செய்திருந்தார்கள்.

இப்போது என் பையில் ஒரு தாள் எப்போதும் இருக்கும். ஒரு பக்கம் ஆங்கில மருத்துவர் கொடுத்த மாத்திரைகள், மறுபக்கம் சீன வைத்தியர் எழுதின சரக்குகள். இருவரிடமும் இரண்டு பக்கத்தையும் காட்டுகிறேன். அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒரு தடவை அந்த வைத்தியர் அம்மா மாத்திரைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு சரக்கை அடித்தார்.

மண்பானையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தடிப்பு நின்றதும் அதை நன்றாகக் கழுவி, கொஞ்சம் மைசூர்பாகோடு கீழ்வீட்டுக்கு எடுத்துப்போனேன். வீட்டுக்கார அம்மா மைசூர்பாகை வாங்கிக்கொண்டார். பானையைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். மருந்துப் பானையைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். நோயைக் கொண்டுவந்து கொடுத்தது மாதிரி ஆகிவிடுமாம். வேண்டும்போது சொந்தக்காரரே வந்து எடுத்துக்கொள்வார்.

பானை பால்கனியில்தான் இருக்கிறது. அவர் இன்னும் வரவில்லை.